எங்கள் ஊர் ஐப்பசி

சின்னக் காஞ்சிபுரத்தில் மலை என்று நாங்கள் அழைப்பது ஒன்றே ஒன்றுதான். வரதராசப் பெருமாள் சந்நிதி எழுந்துள்ள அத்திகிரியே அது. இருபத்து நான்கு படிகள் ஏறினால் அம்மலை முடிந்துவிடும். மற்றபடி எத்திசை நோக்கினும் சமவெளிதான். வயலும் ஏரிக்கரையும் பனைமரமுமே கண்ணுக்குத் தெரிவன. கடல்மட்டத்திற்கு மேல் நூறு மீட்டர்கூட உயராத ஊர் இது. அவ்வாறிருக்க, "எங்கள் ஊர் வானிலையை மலைகளே ஆளுகின்றன" என்று நான் வகுப்பில் ஒருநாள் சொன்னபோது, மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எந்த மலை? அத்திகிரியா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் நகைத்தது, நானும் நகைத்தேன். ஆயினும் அவன் கேட்டது நல்ல கேள்வி. அதற்குரிய விடையையே இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

புரட்டாசி மாதத்தில் ஒருநாள் பிற்பகல் எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள். வெயில் சுள்ளென்று எரிக்கும். காற்று அசையாது. மூன்று மணியளவில் மேற்கு அடிவானத்தில் வெண்மேகம் ஒன்று காலிபிளவர் பூப்போலத் திரண்டு எழும். நான்கு மணிக்கு அதன் அடிப்பாகம் கறுக்கும். திண்ணையில் அமர்ந்திருக்கும் முதிய நெசவாளர் கண்களின்மேல் கையை வைத்து மேற்கே ஒருமுறை பார்ப்பார். "மேக்கே கட்டுது தம்பி, பொழுது சாஞ்சா வந்துடும்" என்பார். அவர் வானிலை நூல் எதையும் கற்றவரல்லர். ஆனால் பொழுது சாய்ந்தபின் பெரும்பாலும் மழை வந்துவிடும்.

எங்கிருந்து வருகிறது அந்த மேகம்? எங்கள் ஊருக்கு மேற்கே எழுபது எண்பது கிலோமீட்டர் தொலைவில் சவ்வாது மலை தொடங்குகிறது. ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடைய தொடர் அது. அதற்கு வடக்கே சித்தூர்ப் பக்கத்துக் குன்றுகள் இருக்கின்றன. இவையெல்லாம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் உடைந்த துண்டுகள். பகல் வெயில் மலைச்சரிவின் மீது விழும்போது, சரிவை ஒட்டிய காற்று, அதே உயரத்தில் சமவெளிக்கு மேலே நிற்கும் காற்றைவிட விரைவில் சூடேறுகிறது. சூடேறிய காற்று இலேசாகி மேலெழுகிறது. அந்த இடத்தை நிரப்பச் சமவெளியின் ஈரக்காற்று சரிவேறிச் செல்கிறது. பிற்பகலில் கடற்காற்றும் கிழக்கிலிருந்து உள்நாட்டுக்குள் புகுந்து, தன் ஈரத்தையும் கொண்டுவந்து சேர்க்கிறது. மேலெழுந்த ஈரம் குளிர்ந்து மேகமாகிறது. மேகம் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரம்வரை வளர்ந்து இடிமேகமாகிறது. தாழ்ந்த, நடு உயரங்களின் காற்று ஆவணி, புரட்டாசி மாதங்களில் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசுவதால், மலைமேல் பிறந்த மேகத்தை அது எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வருகிறது. மணிக்கு இருபது, முப்பது கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டாலும் மலையிலிருந்து காஞ்சிக்கு வர மூன்று நான்கு மணி நேரம் ஆகுமன்றோ? முதியவரின் "பொழுது சாஞ்சா" என்ற கணக்கு இதுதான்.

இம்மழைக்கு முன்னே ஒரு குளிர்காற்று வரும். அது மேகத்தினுள்ளிருந்து மழையோடு கீழிறங்கித் தரையில் மோதிப் பரவும் காற்று. புழுதி பறக்கும், கொடியில் உலரும் நூற்கழிகள் ஆடும், பெண்கள் ஓடிவந்து அவற்றைச் சுருட்டுவார்கள். அதன்பின் மண்வாசனை. இவ்வாசனையை ஆராய்ந்த ஆஸ்திரேலிய அறிஞர் இருவர் 1964ஆம் ஆண்டில் அதற்கென ஒரு தனிப்பெயரே சூட்டினார்கள். வட இந்தியாவில் கன்னோசி நகரத்து அத்தர் வணிகர்களோ, அதற்கு நெடுநாள் முன்னரே அவ்வாசனையை வடித்தெடுத்துக் குப்பியில் அடைத்து விற்றுவந்தார்கள். விஞ்ஞானம் சில வேளைகளில் கடைவீதிக்குப் பின்னால்தான் வருகிறது.

மேற்கு மழையின் மற்றொரு குணம், அது தெருப் பார்த்துப் பெய்வது. இடிமேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். பெரிய காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் சந்நிதித் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும். மூன்று கிலோமீட்டர் தள்ளி எங்கள் விளக்கடிக் கோயில் தெருவில் புழுதி அடங்கியிராது. இதை வைத்துச் சிவகாஞ்சிக்காரர்களும் விஷ்ணுகாஞ்சிக்காரர்களும் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வதுண்டு.

ஐப்பசி பிறந்தபின் மழையின் நடையே மாறிவிடுகிறது. இப்போது மேற்கே பார்ப்பதில் பயனில்லை, கிழக்கே பார்க்கவேண்டும். பூப்போன்ற மேகமில்லை. வானம் முழுவதும் சாம்பல் பூசியதுபோல் இருக்கும். இடியும் மின்னலும் குறைவு. மழை பத்து நிமிடம் பெய்யும், ஓயும், மீண்டும் பெய்யும். இவ்வாறு இரண்டு நாள், மூன்று நாள் தொடரும். கடற்கரையில் இம்மழை நள்ளிரவிலும் விடியற்காலையிலும் மிகுதி. அறுபது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளியிருக்கும் எங்களுக்குச் சென்னைக்குக் கிடைப்பதில் ஒரு பகுதிதான் வந்துசேரும். இதற்கு அடைமழை என்று பெயரிட்டவர் யாரோ, பொருத்தமாகவே பெயரிட்டார். வானமும் அடைபடுகிறது, வீட்டுக் கதவும் அடைபடுகிறது.

நம் முன்னோர் ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களையும் கூதிர் என்று தனிப் பருவமாக வகுத்தார்கள். ஆவணியும் புரட்டாசியும் கார். நெடுநல்வாடையின் பின்னணி இக்கூதிர்காலமே. காற்றுக்கும் நான்கு பெயர் வைத்தார்கள்: தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வருவது வாடை. மேகத்துக்கும் கொண்டல் என்றே பெயர் என்பதைக் கவனியுங்கள். கீழ்காற்றும் மேகமும் ஒரே சொல்லாவது தமிழ்நாட்டின் கீழ்க்கரையில் வாழ்ந்தவர்களுக்கே தோன்றக்கூடியது. வங்கக்கடலின்மீது நெடுந்தூரம் தவழ்ந்துவரும் கொண்டல் ஈரம் நிறைந்தது. நிலத்தின்மீதே வரும் வாடை வறண்டது, குளிர்ந்தது. கார்த்திகையில் காற்று கிழக்கிலிருந்து வடக்குக்குத் திரும்பினால் மழை சில நாளைக்கு ஓய்ந்துவிடும் என்பதை எங்கள் ஊர் உழவர் அனைவரும் அறிவர்.

மீண்டும் மலைக்கு வருவோம். கோடையில் ஆசிய நிலப்பரப்பு சூடேறுகிறது. அதைச் சூழ்ந்த கடல் அவ்வளவு விரைவில் சூடேறுவதில்லை. ஆதலின் கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று வீசுகிறது. பருவக்காற்றுக்கு இக்காரணத்தை முதன்முதலில் தெளிவாக எழுதியவர் எட்மண்ட் ஹாலி; ஆண்டு 1686. வால்நட்சத்திரத்தால் புகழ்பெற்ற அதே ஹாலிதான். தென்மேற்கிலிருந்து வரும் அக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறிக்கிறது. மலையேறும் காற்று கேரளத்திலும் மலைமுடிகளிலும் தன் ஈரத்தைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு நம் பக்கம் இறங்குகிறது. ஆனி, ஆடியில் காஞ்சித் தெருக்களில் வீசும் அந்தப் புழுதிக்காற்று, மறுபுறத்தில் மழைபெய்து முடித்த காற்றேயாம். ஆகவே மேற்கேயுள்ள பெருமலை எங்களுக்கு மழையைத் தடுக்கிறது. அருகேயுள்ள சிறுமலைகள் மாலை மழையை உண்டாக்கித் தருகின்றன. அந்த மாணவனுக்கு நான் அன்று சொல்லியிருக்கவேண்டிய விடையின் ஒரு பாதி இது.

அக்டோபரில் நிலம் குளிரத் தொடங்குகிறது. வட இந்தியாவின்மேல் இருந்த காற்றழுத்தத் தாழ்வு தெற்கே நகர்ந்து வங்கக்கடலுக்குள் இறங்குகிறது. காற்று திசைமாறி வடகிழக்கிலிருந்து வீசுகிறது. தமிழ்நாட்டில் இப்பருவமழை தொடங்கும் சராசரித் தேதி அக்டோபர் 20. பள்ளிப் பாடநூல்களில் இதைப் பின்னடையும் பருவக்காற்று என்று எழுதுவார்கள். எனக்கு அப்பெயரில் உடன்பாடில்லை. டில்லியில் இருந்து பார்ப்பவருக்கு அது பின்னடைவு. நமக்கு அதுவே வருகை. மாநிலம் முழுவதற்கும் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 92 சென்டிமீட்டர். அதில் 44 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கிறது. எங்கள் வட்டாரத்தில் மொத்தம் ஏறத்தாழ 120 சென்டிமீட்டர். கிழக்கு மழையின் பங்கே பெரிது; எனினும் அந்த மாலை மழைகளின் பங்கும் புறக்கணிக்கத்தக்கதன்று.

ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் எவ்வளவு என்று மாணவர்கள் கணக்கிட்டுப் பார்த்ததுண்டா? ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் விழும் ஒரு சென்டிமீட்டர் மழை ஏறத்தாழ 2,230 லிட்டர் நீர். ஒரு ஹெக்டேர் வயலில் அது ஒரு லட்சம் லிட்டர். வாய் அகன்ற ஒரு குவளையையும் அளவுகோலையும் கொண்டு இதை யாரும் அளக்கலாம். குவளையின் பக்கங்கள் நேராக இருந்தால் போதும். கொரியா நாட்டில் 1441ஆம் ஆண்டிலேயே ஊர்தோறும் கொடுப்பதற்கு மழைமானி செய்தார்கள். நம் வானிலைத் துறையினர் காலை எட்டரை மணிக்கு அளக்கிறார்கள், ஒருநாளில் 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதை மழைநாள் என்று கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் தெரு நெசவாளர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு ஒரு தூறலே ஒருநாள்.

அது ஏன் என்பதைச் சொல்லவேண்டும். காஞ்சிப் பட்டு நெய்யும் தறி பெரும்பாலும் குழித்தறி. வீட்டுக்குள்ளேயே தரையில் குழி வெட்டியிருப்பார்கள். நெய்பவர் குழியின் விளிம்பில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மிதிப்பார். மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் நிலத்தடி நீர் ஏறுகிறது. குழியின் சுவரில் ஈரம் கசிகிறது. மூன்றாம் நாள் அடியில் நீர் ஊறி நிற்கிறது. கொட்டாங்கச்சியாலும் சொம்பாலும் அதை இறைத்து ஊற்றுவார்கள்; இறைக்க இறைக்க ஊறும். கால் வைக்க இடமில்லையேல் தறி ஓடாது.

குழி வறண்டிருந்தாலும் தொல்லை தீர்ந்ததில்லை. நெய்வதற்கு முன்பு பாவு நூலைத் தெருவில் முழுநீளத்துக்கு நீட்டிக் கஞ்சி இட்டு, இழை இழையாகப் பிரித்து உலர்த்தவேண்டும். விடியற்காலையில் நடக்கும் வேலை இது. தெருவே இதற்குத் தொழிற்சாலை, சூரியனே உலை. சாயம் தோய்த்த நூலும் வெயிலையே நம்பியிருக்கிறது. அடைமழையில் இவ்விரண்டும் நின்றுவிடுகின்றன. முன்னரே பாவு ஏற்றிய தறியிலும் இடர் உண்டு. பட்டு ஈரத்தைக் குடிக்கும் பொருள். சாதாரண நிலையிலேயே, முற்றும் உலர்ந்த பட்டின் எடையில் நூற்றுக்கு 11 பங்கு ஈரம் அதில் இருப்பதாக வணிகக் கணக்கு. மழைக்காலத்தில் இது மேலும் ஏறும். தொட்டுப் பார்த்தால் ஈரம் தெரியாது. பிரான்சு நாட்டில் லியோன் நகரத்துப் பட்டு வணிகர்களுக்கு, இந்த ஈரத்தைக் கழித்து நேர்மையான எடை சொல்லவென்றே 1805ஆம் ஆண்டில் அரசு ஒரு நிலையத்தை ஏற்படுத்தியது. ஈரத்தில் பட்டிழையின் வலிமை சற்றுக் குறைகிறது; கஞ்சி இளகி இழைகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன; தறியின் மரம் உப்புகிறது; பாவின் விறைப்பு மாறுகிறது. காலையில் சரிசெய்த தறி மாலையில் வேறு தறியாகிவிடும். அறுந்த இழைகளை முடிபோடுவதிலேயே பொழுது போகும். சரிகையும் ஈரத்துக்கு அஞ்சும்; அதை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைப்பார்கள்.

நெசவுக்கூலி நாட்கணக்கில் வருவதன்று. சேலையை முடித்துக் கொடுத்தால்தான் கூலி. ஐப்பசி தீபாவளி மாதம். ஐப்பசி, கார்த்திகை திருமண மாதங்கள். சேலைக்கு எப்போது தேவை மிகுதியோ, அப்போதே குழியில் நீர் ஊறுகிறது. சில மைல் தள்ளி ஏரிக்கரை உழவன் எந்த மழைக்காக வானத்தைக் கும்பிடுகிறானோ, அதே மழை இங்கே அடுப்பை அணைக்கிறது. என் சிறுவயதில் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர், "பெய்யட்டும், ஏரி நெறையட்டும், ஆனா ராத்திரியிலே மட்டும் பெய்யட்டும்" என்று வேண்டிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். இருவரையும் நினைத்த வேண்டுதல் அது. கடற்கரையில் அவ்வம்மாள் கேட்டபடியே பெரும்பாலும் நடக்கிறது. எங்கள் ஊரில்தான் கிழக்கு மழைக்கு நேரம் காலம் இல்லை.

"கார்த்திகைக்குப் பின் மழை இல்லை, கர்ணனுக்குப் பின் கொடை இல்லை" என்பது பழமொழி. இதைச் சற்றுச் சோதித்துப் பார்க்கலாம். 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில், அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அது கார்த்திகை நடுப்பகுதி. வர்தா புயல் சென்னையைக் கடந்தது 2016 டிசம்பர் 12, அதுவும் கார்த்திகைதான். பழமொழி வென்றது. ஆனால் தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22, 23 தேதிகளில் வந்தது, அது மார்கழி. 2021 சனவரியிலும் தமிழ்நாட்டில் நல்ல மழை பெய்து, அறுவடைக்கு நின்ற நெல்லைக் கெடுத்தது. ஆகவே பழமொழியை நம்பலாம். அதை நம்பி நெல்லைக் களத்தில் போட்டுவைக்க வேண்டாம்.

ஆண்டுக்கு ஆண்டு வேறுபாடும் மிகப் பெரிது. 2015ஆம் ஆண்டில் வெள்ளம். மறு ஆண்டே, வர்தா வந்தும்கூட, மாநிலத்தில் வடகிழக்குப் பருவமழை சராசரியில் நூற்றுக்கு 62 பங்கு குறைந்தது. பசிபிக் கடலின் நடுப்பகுதி சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் நமக்கு இம்மழை மிகுவதும், அது குளிரும் லா நினா ஆண்டுகளில் குறைவதும் பொது இயல்பு. 2015 எல் நினோ ஆண்டு. ஆயின் 2021 லா நினா ஆண்டு. அவ்வாண்டு மழை குறையவில்லை, வழக்கத்தைவிட மிக அதிகமாகப் பெய்தது. ஒரு பருவத்தின் மழையில் பெரும்பகுதி நான்கைந்து தாழ்வுநிலைகளால் வருவதால், அவற்றுள் ஒன்று எங்கே கரையேறுகிறது என்பதே பல வேளைகளில் கணக்கை மாற்றிவிடுகிறது.

அந்த மாணவனுக்குரிய விடையின் மறுபாதி ஆற்றில் இருக்கிறது. பாலாறு கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். சவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறும், தாமல் பக்கத்திலிருந்து எங்கள் ஊர் வழியாக வரும் வேகவதியும் திருமுக்கூடலில் அதனோடு சேர்கின்றன. மற்ற நாட்களில் பாலாறு மணலாறு. மலைப்பக்கத்தில் கிழக்கு மழை பெய்தால்தான் அதன் குணம் தெரியும். 1903 நவம்பரில் மேலே மைசூர்ப் பகுதியில் ஏரிகள் அடுத்தடுத்து உடைந்து, வாணியம்பாடியை வெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று. 2021 நவம்பர் 19ஆம் தேதி விடியற்காலையில் தாழ்வு மண்டலம் ஒன்று புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்து உள்நாட்டு மலைகளை நோக்கிச் சென்றது. பாலாற்று அணைக்கட்டில் நொடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கன அடி நீர் பாய்ந்தது. பாலத்தின்மேல் நின்று இருகரையும் தொட்டோடும் ஆற்றைக் கண்ட இளைஞர் பலர், பாலாற்றில் தண்ணீரை அன்றுதான் அவ்வாறு கண்டார்கள். எங்கள் ஊரில் மழை விட்டிருந்தது, வெயில்கூடத் தெரிந்தது. மலையில் பெய்தது எங்களிடம் வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

வேகவதியின் வெள்ளம் எங்கள் ஊர்ப் புராணத்திலும் இருக்கிறது. பிரமன் தன்னை விடுத்து வேள்வி செய்தான் என்று சினந்த கலைமகள், ஆறாகப் பெருகி அதை அழிக்க வந்தாள் என்பதும், திருமால் குறுக்கே படுத்து அணையானார் என்பதும் திருவெஃகாவின் வரலாறு. சின்னக் காஞ்சிபுரத்து யதோக்தகாரி சந்நிதியில் இன்றும் அவர் படுத்தே இருக்கிறார். மேற்கிலிருந்து திடீரென வரும் வெள்ளத்தை எவரோ கண்ணால் கண்டுதான் இக்கதையைச் சொல்லத் தொடங்கியிருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இது என் எண்ணமே, சான்று கேட்காதீர்கள்.

வருவது வெள்ளமாகவோ வறட்சியாகவோ இருக்கும் என்பதை அறிந்தவர்கள் ஏரி வெட்டினார்கள். மாமண்டூர், தென்னேரி, காவேரிப்பாக்கம், உத்திரமேரூர் என்று இந்நிலம் முழுவதும் ஏரிகள். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகப் புகழ்பெற்றவை. அத்தேர்தலில் தேர்ந்தெடுத்த குழுக்களில் ஒன்று ஏரி வாரியம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும்; கால்வாய் தூர்ந்துவிட்டால் மேல் ஏரி உடையும், கீழ் ஏரி காயும். எங்கள் ஊரைச் சுற்றி இரண்டையும் ஒரே ஆண்டில் காணமுடிகிறது. ஏரி நிறைந்திருந்தால் கிணறு நிறையும். கிணறு நிறைந்தால் தறிக்குழியிலும் நீர் ஊறும். நிலத்தடி நீர் உழவனையும் நெசவாளனையும் பிரித்துப் பார்ப்பதில்லை. இப்போது சிலர் குழியின் உட்புறத்துக்குச் சிமெண்டு பூசியிருக்கிறார்கள். சிலர் தரைக்கு மேலேயே தறியை உயர்த்தி அமைத்திருக்கிறார்கள். பூசாத குழிகள் இன்னும் பல உண்டு.

கார்த்திகை தீபம் கழிந்து சில நாள் சென்றபின், ஒரு காலையில் காற்று வடக்கே திரும்பியிருக்கும். வானம் கழுவிவிட்டாற்போல நீலமாக இருக்கும். குழியின் அடியில் மணல் தூவி, அதன்மேல் சாக்கு விரித்துக் காலை ஊன்றிப் பார்ப்பார்கள். தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, மாம்பழ மஞ்சளிலும் அரக்குச் சிவப்பிலும் பாவுகள் மீண்டும் நீண்டு கிடக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அவற்றைத் தொடாமல் சுவரோரமாக ஒதுங்கி நடப்பார்கள்.